டைல்ஸின் பளபளப்பு

ஷவர் தண்ணீர் விழும் இடத்தில் மட்டும் டைல்ஸ் வெளிறிப்போனால், மெருகே போய்விட்டது என்று முடிவுகட்டிவிடுகிறோம். பெரும்பாலும் அது தேய்மானம் அல்ல, படிமானம். போர்வெல் தண்ணீரிலிருக்கும் கால்சியம் உப்பு, சோப்போடு சேர்ந்து காய்ந்து ஏடு கட்டியிருக்கும். நகத்தால் சுரண்டினால் சொரசொரக்கும். வினிகரில் நனைத்த துணியைக் கால் மணி நேரம் ஒட்டவைத்து எடுத்தால் அந்த ஏடு இளகி, அடியில் பழைய பளபளப்பு அப்படியே தெரியும். (பளிங்குக் கல்லில் மட்டும் இந்தச் சோதனை வேண்டாம், அந்தக் கல்லே கால்சியம் கார்பனேட், வினிகர் அதையே அரித்துவிடும்.) ஆசிட் ஊற்றினால் நொடியில் வேலை முடியுமே என்பார்கள். முடியும்தான், ஆனால் இடுக்கில் பூசிய சிமென்ட்டையும் அது தின்றுவிடும், அந்த வழியே தண்ணீர் சுவருக்குள் இறங்கும்.

உண்மையிலேயே மெருகு போயிருந்தால்? பளிங்கு என்றால் வைரப் பட்டைகளால், சொரசொரப்பிலிருந்து நைஸுக்குப் படிப்படியாகத் தேய்த்துப் பழைய பளபளப்பை மீட்கலாம்; எவ்வளவு ஆழம் போனாலும் அதே கல்தான். செராமிக்கில் அது நடக்காது. அதன் மெருகு, 1000 டிகிரிக்கு மேல் சூளையில் உருகிப் படிந்த, ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத கண்ணாடிப் படலம். அதற்குக் கீழே வெறும் சுட்ட மண். எபாக்ஸி பூச்சு இருக்கிறதே என்று கேட்கலாம். எண்ணெய்ப் பிசுக்கு நீக்கி, உப்புத்தாள் போட்டு, நன்றாகக் காயவிட்டால் அது பார்க்க அழகாகவே இருக்கும். ஆனாலும் அது பெயின்ட்தான். தினமும் வெந்நீர் படும் சுவரில் ஓரத்திலிருந்து உரியத் தொடங்கும். அங்கே கெட்ட டைல்ஸை மட்டும் பெயர்த்து மாற்றுவதே நேர்மையான வேலை. அதனால்தான் வீடு கட்டும்போதே நாலு டைல்ஸ் கூடுதலாக வாங்கிப் பரணில் போடச் சொல்லும் மேஸ்திரிமேல் எனக்கு அவ்வளவு மரியாதை.