சேறு செதுக்கிய சைக்கிள்: சைக்ளோகிராஸை ரசிக்கும் முறை

சைக்ளோகிராஸ் சைக்கிளைச் சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் ரோடு பைக்காகவே தோன்றும். ஆட்டுக்கொம்பு போல வளைந்து கீழிறங்கும் ஹேண்டில்பார், ஸ்பிரிங் இல்லாத முன்கவை, ஒல்லியான சட்டம் எல்லாம் அப்படியே இருக்கும். வேறுபாடுகள் மில்லிமீட்டர் கணக்கில் ஒளிந்திருக்கின்றன. அவற்றின் காரணம் புரிய, பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் நவம்பர் மழையில் ஊறிக் கிடக்கும் ஒரு வயல்மேட்டை மனக்கண்ணில் கொண்டுவர வேண்டும்.

இந்தப் பந்தயம் பிரான்ஸில் பிறந்தது. 1902இல் அங்கே முதல் தேசியப் போட்டி நடந்தது. அதை முன்னின்று நடத்தியவர் டேனியல் குசோ என்ற படைவீரர். சாலைப் பந்தய வீரர்கள் குளிர்காலத்தில் உடல் தளர்ந்துபோகாமல் இருக்க வயல், வேலி, ஓடை என்று குறுக்கே ஓட்டிப் பழகினார்கள். 1910இல் டூர் டி பிரான்ஸை வென்ற ஒக்தாவ் லாபீஸ், தன் வெற்றிக்கு அந்தப் பயிற்சியைத்தான் காரணம் காட்டினார். 1950இல் பாரிஸில் நடந்த முதல் உலகப் போட்டியில் வென்ற ழான் ரொபிக்கும் 1947இல் டூரை வென்றவரே. தொடக்கத்தில் ஓட்டியது சாலை சைக்கிளையேதான். பின்னால் வந்த ஒவ்வொரு மாற்றமும் ஏதோ ஒரு சேற்றில் பட்ட பாட்டின் விளைவு.

இன்றைய பந்தயத் தடம் இரண்டரை முதல் மூன்றரை கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு சுற்று. புல், மணல், சேறு, செங்குத்தான சிறு ஏற்றங்கள், படிக்கட்டு, பலகைத் தடைகள் என்று எல்லாம் அதற்குள் அடக்கம். முன்னணி ஆண் வீரர்களின் பந்தயம் ஏறக்குறைய ஒரு மணி நேரம் நடக்கும்.

ரசிக்கத் தொடங்க நல்ல இடம் டயர். சர்வதேச சைக்கிள் சங்கத்தின் விதிப்படி முன்னணிப் பந்தயங்களில் டயரின் அகலம் 33 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. இந்த வரம்புதான் விளையாட்டின் சுவையைக் காக்கிறது. அகலமான டயர் கிடைத்தால் சேற்றை அதுவே சமாளித்துவிடும். வீரரின் திறமைக்கு வேலை குறையும். (கிராவல் பைக் என்று இப்போது பெயர்பெற்றிருக்கும் வண்டியில் 40 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் உண்டு, அது நெடும்பயணத்துக்கான வேறு சாதி.) 33க்குள் நிற்க வேண்டியிருப்பதால் மீதி வேலையைக் காற்றழுத்தம் செய்கிறது. ரோடு பைக் டயரில் 70, 80 பவுண்டு காற்று இருக்கும். கிராஸ் டயரில் இருபது சொச்சம் பவுண்டு. ஆழமான சேற்றில் இன்னும் குறையும். தளர்ந்த டயர் தரையில் தட்டையாகப் படர்ந்து பிடிக்கும். ஆனால் இவ்வளவு குறைந்த காற்றில் சாதாரண டயர் ஒரு வேரில் மோதினாலே உள்ளே இருக்கும் டியூப் ரிம்மின் விளிம்பில் நசுங்கிக் கிழியும். அதனால்தான் டியூபைத் துணி உறைக்குள் வைத்துத் தைத்து, ரிம்மில் பசையால் ஒட்டும் டியூபுலர் டயர் இங்கே நெடுங்காலமாகக் கோலோச்சுகிறது. பந்தயத்துக்கு முன் வீரர்கள் தடத்தை ஒரு முறை சுற்றி வந்து, டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, ஒரு துளி காற்றை விடுவதைக் கவனிக்கலாம். அந்த ஒரு துளியில் பந்தயம் தோற்பதும் உண்டு.

டயரின் மேற்பரப்பையும் படிக்கலாம். அரம் போன்ற நுண்ணிய வரிகள் இருந்தால் உலர்ந்த தரையோ மணலோ காத்திருக்கிறது. நடுவில் தாழ்ந்தும் ஓரத்தில் சற்று உயர்ந்தும் பற்கள் இருந்தால் ஈரப்புல். உயரமான பற்கள் இடைவெளி விட்டு நின்றால் சேறு. இடைவெளி இல்லாவிட்டால் சேறு அப்பிக்கொண்டு டயர் வழுவழுப்பான உருளையாகிவிடும்.

அடுத்து, டயருக்கும் சட்டத்துக்கும் நடுவே உள்ள வெளி. பழைய ரோடு பைக்கில் அங்கே சுண்டுவிரலை நுழைப்பதே சிரமம். கிராஸ் சைக்கிளில் கட்டைவிரல் தாராளமாகப் போகும். சேற்றோடு புல்லும் சருகும் சுருண்டு அடைத்தால் சக்கரம் நின்றுவிடும் என்பதே காரணம். பழைய ரோடு பைக்கின் கவ்விபோன்ற பிரேக்கும் அந்த வெளியை அடைக்கும். அதனால் கவையின் இரு பக்கமும் தனித்தனிக் கைகளாக நிற்கும் கேன்டிலீவர் பிரேக் வழக்கத்தில் இருந்தது. அது வண்டியை நிறுத்தியதைவிட வேகத்தை மட்டுப்படுத்தியதே அதிகம். 2010இல் டிஸ்க் பிரேக் அனுமதிக்கப்பட்டது. பிடிக்கும் இடம் ரிம்மை விட்டு அச்சருகே போனதால் சேற்றின் தொல்லை பெரிதும் தீர்ந்தது.

சட்டத்தின் கோணங்கள் கண்ணுக்கு எளிதில் பிடிபடாது, ஓட்டத்தில் பிடிபடும். ரோடு பைக்கின் முன்கழுத்து சுமார் 73 பாகையில் நிமிர்ந்திருக்கும். கிராஸில் ஒன்றிரண்டு பாகை சாய்ந்திருக்கும். சக்கரங்களுக்கு இடையிலான தூரமும் சற்று அதிகம். பின்சக்கரம் வழுக்கும்போது வண்டி பதறித் திரும்பாமல் இருப்பது இதனால்தான். பெல்ஜியத்தின் நாமூர் கோட்டையின் சரிவில், பக்கவாட்டில் சாய்ந்த புல்தரையில் வீரர்கள் குறுக்கே போகும்போது இது நன்றாகத் தெரியும். அதே நாட்டின் கொக்சைடு மணல்மேடுகளில் தேர்ந்தவர் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிப்பதில்லை. முன்னே போனவரின் தடத்தைச் சக்கரமே தேடிக்கொள்ள விடுகிறார்.

இந்த வண்டியின் அழகு முழுதாக வெளிப்படுவது, அதை ஓட்டாமல் தூக்கும்போதுதான். ஊர் சைக்கிளில் குழந்தையை உட்கார வைக்கும் பார் இங்கே தோளில் ஏறும் இடம். ஆகவே ரோடு பைக்குகளில் அதன் அடியில் ஓடிய கேபிள் இங்கே மேற்புறமாகவோ உள்ளாகவோ போகும். தண்ணீர் பாட்டில் வைக்கும் கூடும் பந்தயத்தில் இருக்காது. தோளும் கையும் நுழைய இடம் வேண்டும். பெடலின் இரு புறமும் காலணி பொருந்தும். காலணியின் அடியிலோ ஓடுவதற்கான பற்கள். பலகைத் தடை 40 சென்டிமீட்டர் வரை உயரம். அதற்குச் சில அடி முன்னரே வலக்கால் பின்னால் சுழன்று இடப்பக்கம் வந்துவிடும். தரை தொட்ட நொடியிலேயே ஓட்டம். பலகையைத் தாண்டியதும் தாவி, தொடையின் உட்புறத்தால் சீட்டில் அமர்வார்கள். இதில் வேகம் எங்கே அறுகிறது என்று பார்ப்பதே ரசனையின் முதல் பாடம். பெல்ஜியத்தின் ஸ்வென் நைஸ் போன்றவர்கள் இறங்காமலே வண்டியோடு துள்ளித் தாண்டிப் பெயர் பெற்றவர்கள்.

கியரில் சொல்ல அதிகமில்லை. ரோடு பைக்கின் முன் பல்சக்கரத்தில் 50, 52 பற்கள்; இங்கே 46 அல்லது 40ஐ ஒட்டிய ஒற்றைச் சக்கரம். இறக்கத்தில் பறக்கும் தேவை இங்கே அபூர்வம்.

கூட்டம் தடைகளைச் சுற்றி நிற்கும். பழகிய ரசிகர்களில் பலர் வண்டி மாற்றும் பகுதிக்கு அருகே போய் நிற்பார்கள். தடம் பெரும்பாலும் அதை ஒரு சுற்றில் இரு முறை தொட்டுச் செல்லும். சேறு கனத்த நாளில் வீரர் அரைச் சுற்றுக்கு ஒருமுறை உள்ளே வந்து, அழுக்கு வண்டியை ஓடியபடியே விட்டுவிட்டு, உதவியாளர் நீட்டும் சுத்தமான வண்டியில் தாவி ஏறிப் போவார். விட்ட வண்டியை உதவியாளர் நீர்ப்பீச்சியிடம் தள்ளிக்கொண்டு ஓடுவார். கிலோக் கணக்கில் அப்பிய மண் கரைந்து, செயினில் எண்ணெய் விழுந்து, சரியான கியரில் நின்று அது மறுபடி தயாராவதற்கு மூன்று நான்கு நிமிடங்களே இருக்கும்.