நூற்று நான்கு என்னும் எண்

ஒரு தேசத்து நிர்வாக முறை மற்றொரு தேசத்தில் செல்லுமா என்று ஆராய்ந்தோருள் ஹாலந்து தேசத்துக் கேர்ட் ஹாஃப்ஸ்டீட் முக்கியமானவர். அமெரிக்கர் வகுத்த தலைமை முறையை உலகப் பொதுவென்று கொள்ளலாகாது என்பது அவர் வாதம். அது நமக்கும் உடன்பாடே. மேலதிகாரியிடம் மனம்விட்டுப் பேசுங்கள் என்று பட்டணத்து உபந்நியாசகர் சொல்லிச் சென்ற மறுநாளும், பெரட்டில் ஒருவரும் வாய்திறவார் என்பதைக் கிராணிமாராகிய நாம் அறிவோம்.

வாய்திறவாமைக்கு அவர் காட்டும் காரணந்தான் நமக்கு உடன்பாடன்று. அதிகார இடைவெளியை மக்கள் எவ்வளவு இயல்பாக ஏற்கின்றனர் என்பதற்குத் தேசந்தோறும் ஓர் எண் கொடுக்கிறார். 1991இல் வெளிவந்த அவரது நூலில் அமெரிக்காவுக்கு 40, மலேசியாவுக்கு 104. பட்டியலில் முதலிடம் நமக்கே! (வேறெதிலேனும் கிடைத்திருக்கலாம்.) அளவெடுத்ததோ ஐ.பி.எம். கம்பெனிச் சிப்பந்திகளிடம், பால்மரம் வெட்டினவரிடம் அன்று. ஒரே கம்பெனியாயிருந்தால்தான் தேசங்களை ஒப்பிட முடியும் என்பது அவர் சமாதானம். ஒப்பிட அது போதும். தோட்டத்தை அறியப் போதாது.

நம் மலாக்காவில் 1896இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். பின்னர் மலாயாவெங்கும் பெருகிய தோட்டங்களில் வேலையும் லயத்து வீடும் துரையின் ஒரே கையில் இருந்தன. வேலை போனால் வீடும் போகும். அவ்விடத்துப் பணிவைப் பண்பாடு என்பதா, தற்காப்பு என்பதா?

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். ஆர். எச். நாதன் முன்னின்றார். கூலி உயர்வோடு அவர்கள் கேட்டவற்றுள் பேச்சுரிமை ஒன்று. துரைமாரையும் ஆசிய உத்தியோகஸ்தரையும் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழியவேண்டும் என்பது மற்றொன்று. ஆசிய உத்தியோகஸ்தர் என்றதில் நம் கிராணி வகுப்பும் அடக்கம்; அதை மறைப்பானேன்? இறங்குவது அவர்கள் இயல்பாயின், அதனை ஒழிக்க ஏன் கூலியைப் பணயம் வைத்தனர்? சர்க்கார் நாதனைக் கைது செய்து இந்தியாவுக்கு நாடுகடத்திற்று, துருப்புக்களையும் அனுப்பிற்று. இடைவெளியை மனமுவந்து ஏற்றவரை அடக்கத் துப்பாக்கி எதற்கு?

இது பழங்கதை என்று தள்ளுவதற்கில்லை. இன்று நம்மவரிற் பலர் பட்டணம் சேர்ந்துவிட்டனர். செம்பனைக் குலை வெட்டுவோருள் இந்தோனேசியரும் வங்கதேசத்தாரும் மிகுதி. அவர்களும் பெரட்டில் பேசுவதில்லை. அவர்களுடைய வேலை அனுமதிச் சீட்டில் எழுதியிருப்பது ஒரே முதலாளியின் பெயர்.