யாருடைய இடர்?

கொரோனாக் காலத்தில் அமெரிக்க அரசு விவசாயிகளுக்குக் கொடுத்த நிவாரணம் பற்றி எம்மவரிடையே இரு கருத்துகள் உண்டு. எமது நாடுகளிடம் மானியத்தை வெட்டச் சொல்பவர்கள் தமக்கு மட்டும் அள்ளிக்கொள்கிறார்கள் என்பது ஒன்று. உழுபவனை மதிக்கும் அரசு என்பது மற்றது. முதலாவதில் உண்மை உண்டு: 2020இல் இங்கு விவசாயத்துக்குச் சென்ற நேரடி அரச கொடுப்பனவு ஏறத்தாழ 46 பில்லியன் டொலர். ஆனால் இரு தரப்பாருமே 'விவசாயி' என்ற சொல்லைக் கேள்வியின்றி ஏற்கின்றனர். எனது விமர்சனம் அந்தச் சொல்லின் மீதே.

2020 ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட கொரோனா உணவு உதவித் திட்டம் நேரடிக் கொடுப்பனவுக்கு 16 பில்லியன் டொலரை ஒதுக்கியது. அதைப் பெற 'உற்பத்தியாளராக' இருக்கவேண்டும். அதாவது உற்பத்தியின் இடரில் பங்கிருக்கவேண்டும். இடர் என்றால் இங்கு விலை இடர். மாடு எவருடையதோ அவரே உற்பத்தியாளர். முன்பு பொருளியல் கற்பித்து, இன்று ரெக்சாஸில் ஒரு தொழிற்சாலை வரிசையில் நிற்கும் எனக்கு இது பழகிய பாடம்தான்: இடரைத் தாங்குபவர் முயற்சியாளர், இலாபம் அதற்கான வெகுமதி.

ஜனவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை விற்ற கொழுத்த அடிமாடு ஒன்றுக்கு 214 டொலர். ஒருவருக்கு உச்சவரம்பு 250,000. சிறு பண்ணையாளர் பெற்றதில் எனக்குக் குறையில்லை, அவர் நட்டப்பட்டது உண்மை. ஆனால் அந்த விலை ஏன் விழுந்தது?

நாட்டின் கொழுத்த மாடுகளில் ஏறத்தாழ 85 வீதத்தை அறுப்பவை நான்கே கம்பனிகள். அவற்றின் ஆலைகளில் தோளோடு தோள் நின்றவர்கள் நோயில் விழுந்தனர். ஆலைகள் மெதுவாகின, மாடுகள் பட்டியில் தேங்கின, மாட்டு விலை சரிந்தது. இறைச்சி விலையோ ஏறியது! வட ரெக்சாஸின் கக்டஸ் என்ற சிற்றூரில் பர்மாவிலிருந்தும் சோமாலியாவிலிருந்தும் எம்மைப்போல் ஓடிவந்தவர்கள் பலர் கத்தி பிடிக்கிறார்கள். அவ்வூர் அடங்கிய மூர் கவுன்ரி, 2020 வசந்தத்தில் மாநிலத்திலேயே தொற்று மிக உயர்ந்த இடங்களில் ஒன்று. ஏப்ரல் 28இல் ஜனாதிபதி ட்ரம்ப், பாதுகாப்பு உற்பத்திச் சட்டத்தைக் காட்டி ஆலைகளைத் திறந்துவைக்க ஆணையிட்டார்.

மனிதன் விழுந்ததால் மாட்டு விலை விழுந்தது. நட்டமோ மாட்டின் பெயரில் மட்டும் எழுதப்பட்டது. கம்பனியின் கோழியைத் தன் கொட்டிலில் வளர்க்கும் ஒப்பந்தக்காரருக்குக்கூட, கோழி அவருடையதல்ல என்பதால், 2020இன் இரு கட்டங்களிலும் இடமில்லை. கொட்டிலுக்கு வாங்கிய கடன் மட்டும் அவருடையது. பண்ணை, இறைச்சித் தொழிலாளருக்கென்று ஆளுக்கு 600 டொலர் வழங்கும் நிதி அமைப்புகளிடம் கையளிக்கப்பட்டது 2022இல்தான். மூன்று மாட்டுக்குக் கொடுத்ததிலும் குறைவு.

மலையகத்தை அறிந்தவர்க்கு இது புதிதல்ல. 2020 மார்ச்சில் இலங்கை முழுவதும் ஊரடங்கு. தேயிலைத் தோட்டங்களுக்கு விலக்கு. கொழுந்து பறித்தவரின் 1000 ரூபா நாட்சம்பளம் வர்த்தமானியில் வர 2021 மார்ச் ஆயிற்று. எமது இடதுசாரி எழுத்துகளிலும் 'விவசாயி' பெரும்பாலும் காணிக்காரன்தான் என்பதைச் சொல்லியாகவேண்டும்.

தொழிலாளிக்கும் 1200 டொலர் காசோலை வந்ததே என்று நண்பர்கள் கேட்கக்கூடும். சமூகப் பாதுகாப்பு இலக்கம் இல்லாதவருக்கு அது வரவில்லை. பயிர்ப் பண்ணைத் தொழிலாளரில் ஏறத்தாழ ஐந்தில் இருவர் ஆவணமற்றவர்கள். அத்தகையோருக்குக் கலிபோர்னியா அரசு 2020இல், நிதி தீரும்வரை, ஆளுக்கு 500 டொலர் கொடுத்தது. ரெக்சாஸ் அதையும் கொடுக்கவில்லை.