மழவரையர் மகளார்

பெயர் ஒத்திருப்பதனால் குடிகள் ஒன்றாகிவிடா. இதனை மறந்து வரையப்படும் குடிவழிகள் பல. சோழப் பேரரசி செம்பியன் மாதேவியாரின் பிறந்த குடி பற்றிய எழுத்துகளிலும் இக்குறை காணப்படுகிறது.

கல்வெட்டுகள் அம்மையாரை மூன்று உறவுகளால் அறிமுகம் செய்கின்றன. அவர் மழவரையர் மகளார். கண்டராதித்த சோழரின் தேவியார். உத்தம சோழரின் தாயார். 'செம்பியன் மாதேவி' என்பது சோழர்தம் பெருந்தேவி எனப் பொருள்படும் சிறப்புப் பெயர். 'மழவரையர்' என்பதும் குடித் தலைவர்க்குரிய பட்டமேயன்றி இயற்பெயரன்று. எனவே கல்வெட்டு உறுதி செய்வது பிறந்த குடியை மட்டுமே. சங்கப் பாடல்களில் மழவர் என்னும் வீரர் வருகின்றனர். ஆயினும் அவர்களிலிருந்து பத்தாம் நூற்றாண்டு அரசி வரை இடையறாத வழிமுறை காட்டுதல் பொருந்தாது. இடைப்பட்ட பல நூற்றாண்டுகளைப் பெயரொற்றுமை ஒன்றே இணைத்துவிடாது.

மற்றொரு குழப்பம் கல்கியின் 'பொன்னியின் செல்வன்' (1950–1954) வழியே வந்தது. அந்நாவலில் அம்மையார் வளர்த்த மதுராந்தகர் அவர் பெற்ற மகனல்லர். சேந்தன் அமுதனே மெய்ம்மகன். அவனே உத்தம சோழனாக முடிசூடுகிறான். 'உத்தம சோழரின் தாயார்' என்னும் கல்வெட்டுச் செய்தியைக் கல்கி மாற்றவில்லை. அதனைச் சுற்றியே கதையைப் பின்னினார். அது நாவலாசிரியர்க்குரிய உரிமை. குழந்தை மாறிய கதையை வரலாறாகக் கொள்வதே பிழை.

கணவர் மறைந்தபின் நெடுங்காலம் வாழ்ந்து, அவர் பெயரால் கோனேரிராசபுரத்தில் கற்றளி எடுப்பித்தவர் அம்மையார். அத்தகைய தேவியாரையும் கல்வெட்டு தந்தை வழியால் சுட்டுகிறது. இது கருதத்தக்கது. இங்கிலாந்தில் மார்கரட் பாஸ்டன் (மறைவு 1484) என்னும் சீமாட்டியும் கணவர் குடியில் வாழ்ந்தவரே. எனினும் தம் முன்னோர் துயிலும் மோட்பி ஊர்த் தேவாலயத்திலேயே தம்மை அடக்கம் செய்யுமாறு உயிலில் பணித்தார். மணத்தால் பிறந்த குடி மறைவதில்லை என்பதற்கு இரு நாட்டுச் சான்றுகளும் துணை நிற்கின்றன.

இதனை உணரச் சிங்கப்பூர்த் தமிழர்க்குத் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. ஃபேரர் பார்க்கில் வாழும் தமிழ்ப் பெண்கள் பலரின் அடையாள அட்டையில், மணமான பின்னும், 'இன்னார் மகள்' என்ற குறிப்பு நிற்கிறது. அக்குறிப்பு தந்தையைக் காட்டும். முப்பாட்டன் வரலாற்றைக் காட்டாது. கல்வெட்டின் 'மகளார்' என்னும் சொல்லுக்கும் எல்லை அதுவே. மாணவர்க்கு வரலாறு கற்பிக்கும் தமிழாசிரியர் அவ்வெல்லையைக் காட்டிக் கற்பித்தல் வேண்டும். சான்று நிற்கும் இடத்தில் தாமும் நிற்பதே அம்மையாருக்குச் செய்யும் சிறப்பாகும்.