எந்த வேகத்தில் ஷாக்?

சேலம் அருகே அயோத்தியாப்பட்டணம் போன்ற ஊரில் மாரடைப்பு வந்து பிழைத்தவரிடம், "பம்பிங் 30 சதவீதம்தான் இருக்கு, ஐ.சி.டி வெச்சுடலாம்" என்று டாக்டர் சொன்னதும் வீட்டில் ஒரு கேள்வி எழும்: "அந்த மிஷினே ஷாக் கொடுத்து ஆளை முடிச்சிடாதா?" இதைப் படிக்காதவர்களின் பயம் என்று ஒதுக்குவது தவறு. இதயவியல் ஆய்வாளர்களே இருபது ஆண்டுகளாகக் கேட்டு வரும் கேள்விதான் இது.

முதலில் கருவிக்கு, அதாவது இதயம் ஆபத்தான வேகத்தில் துடித்தால் ஷாக் கொடுத்து மீட்க உடலுக்குள் பொருத்தும் ஐ.சி.டிக்கு, சேர வேண்டிய பெருமை. இதய மருத்துவர் மிஷெல் மிரோவ்ஸ்கியின் முயற்சியில் 1980இல் பால்டிமோரில் முதல் மனிதருக்குப் பொருத்தப்பட்டது. 2002இல் வந்த மேடிட்-2 ஆய்வில், மாரடைப்பால் பம்பிங் 30 சதவீதமோ அதற்குக் கீழோ போன 1,232 பேர் இருந்தார்கள். கருவி இல்லாதவர்களில் 19.8 சதவீதம் பேர் இறந்தார்கள். கருவி வைத்தவர்களில் 14.2. மறுக்க முடியாத பலன் இது.

எதிர்ப்பக்கச் சாட்சி 2008இல் வந்தது. கருவி பொருத்திய 811 பேரில் 269 பேருக்கு ஒரு ஷாக்காவது விழுந்திருந்தது. தேவையான ஷாக் வாங்கியவர்களுக்கு மரண ஆபத்து ஐந்து மடங்குக்கு மேல். தேவையில்லாமல் வாங்கியவர்களுக்கும் ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஆனால் ஷாக் இதயத்தைக் கெடுத்ததா, கெட்டுக்கொண்டிருந்த இதயம் ஷாக்கை வரவழைத்ததா? இந்தக் கணக்கால் அதைச் சொல்ல முடியாது. மேலறைத் துடிப்புக் குழப்பத்தைக் கீழறையின் ஆபத்து என்று கருவி தவறாகப் படித்தே பல வீண் ஷாக்குகள் விழுகின்றன; அந்தக் குழப்பமே நோய் முற்றுவதன் அறிகுறியாக இருக்கலாம்.

இந்தக் கேள்விக்கு வெளிச்சம் தந்தது 2012இன் மேடிட்-ஆர்ஐடி ஆய்வு. 1,500 பேர், மூன்று குழுக்கள்; இங்கே இரண்டு போதும். ஒரு குழுவுக்கு நிமிடத்துக்கு 170 துடிப்பிலேயே சிகிச்சை தொடங்கும். இன்னொன்றில் 200 ஆனால்தான். முதல் குழுவில் 34 மரணம், இரண்டாவதில் 16. ஷாக் குறைந்தது, உயிர் மிஞ்சியது என்றுதான் பலரும் இதைச் சொல்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. அந்த ஆய்வில் பெரிதாகக் குறைந்தது ஷாக் அல்ல. வேகத் துடிப்பை முந்திக்கொண்டு சில துடிப்புகளைத் தட்டி அதை உடைக்கும், வலி தெரியாத சிகிச்சைதான் குறைந்தது. அந்தத் தட்டல் அபூர்வமாக, தானாக அடங்கவிருந்த துடிப்பைக் கிளறி இன்னும் மோசமாக்கிவிடும். ஆகவே 'ஷாக் கொல்கிறது' என்று நிரூபணமாகவில்லை. 'அவசரப்பட்ட சிகிச்சை கெடுக்கிறது' என்பதற்கே சான்று வலுவானது. சிறிய எண்ணிக்கை, சராசரியாக ஒன்றரை வருடத்துக்கும் குறைந்த கண்காணிப்பு. மரணத்தில் 55 சதவீதக் குறைவு என்று ஆய்வு கணக்கிட்ட அளவை நான் அப்படியே நம்பமாட்டேன், திசையை நம்புவேன். ஏற்கெனவே 180இல் ஆபத்தான துடிப்பு வந்தவருக்கு இந்த 200 அமைப்பு பொருந்தாது. அவர்கள் அந்த ஆய்விலேயே இல்லை.

பொருத்துவதிலும் அவசரம் உண்டு. மாரடைப்பு வந்து 6 முதல் 40 நாட்களுக்குள் கருவி வைத்துப் பார்த்தது 2004இன் டினாமிட். துடிப்புக் கோளாறு மரணம் பாதிக்கு மேல் குறைந்தது, மற்ற மரணங்கள் கூடின, மொத்தத்தில் லாபம் இல்லை. "இப்பவே வெச்சுடுங்க" என்று குடும்பம் நெருக்கினாலும், டாக்டர் காத்திருக்கச் சொல்வதே சரி.

நம் பக்கத்து ஆபத்து ஒன்று தனி. கிணற்று மோட்டாரில் எர்த் சரியில்லை, கருவி வைத்தவர் ஈரக்கையோடு பைப்பைத் தொடுகிறார். மற்றவர்களுக்குச் சுருக்கென்று போய்விடும் கசிவு. இதயத்துக்குள் செல்லும் லீட் கம்பி வழியாக அதே 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் கருவிக்குள் போனால், இதயம் நடுங்குகிறது என்று எண்ணி அது ஷாக் விடக்கூடும். கருவியின் பதிவைத் தாளில் எடுத்தால் தெரியும்: நெருக்கமான சீரான கோடுகள், அவற்றின் ஊடே வழக்கமான துடிப்பு அமைதியாக நடந்துகொண்டிருக்கும். அது இதயத்தின் குற்றமல்ல, கருவியின் குற்றமுமல்ல.

என் தீர்ப்பு இது. திடீரென்று இதயம் நின்று, மீட்கப்பட்டவருக்கு, காரணம் சரிசெய்யக் கூடியதல்ல என்றால், தயங்காமல் வைக்கலாம். மாரடைப்பில் பலவீனமான இதயத்துக்கு, 40 நாள் கழித்து, மருந்து முழு அளவில் கொடுத்தும் பம்பிங் ஏறவில்லை என்றால் வைக்கலாம். மாரடைப்பே இல்லாமல் தசை தளர்ந்த முதியவருக்கு, கருவியால் மொத்த மரணம் கணிசமாகக் குறையாத 2016இன் டேனிஷ் ஆய்வைப் பார்த்த பிறகு, நான் அவ்வளவு உறுதியாகப் பரிந்துரைக்கமாட்டேன். வைத்தவர் எவராயினும், எந்த வேகத்தில் சிகிச்சை தொடங்கும் என்ற எண் டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்க வேண்டும். வீட்டு, தோட்டத்து எர்த்தை எலக்ட்ரீசியன் ஒருமுறை சோதிக்க வேண்டும்.