களம் விரிந்தால் போதுமா?

முறை வைத்துக் காய் நகர்த்தும் கணினி ஆட்டங்களுள் 'ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக்' பெயர் பெற்றது. 1996-இல் வந்த அதன் இரண்டாம் ஆட்டத்தில் போர்க்களம் 11-க்கு 9 அறுகோணக் கட்டங்கள். 1999-இல் வந்த மூன்றாவதில் 15-க்கு 11. அதாவது, 99 கட்டம் 165 ஆயிற்று. இன்னும் விரித்தால் போர்த்தந்திரம் பெருகும் என வாதிடுவோர் உண்டு.

நாம் அதை ஒப்புவதற்கில்லை. களத்தின் அகலத்தை அதைக் கடக்கும் கால்களைக் கொண்டே அளக்க வேண்டும். மூன்றாம் ஆட்டத்தின் மரவீரனான டென்ட்ராய்டு காவலன் ஒரு சுற்றில் 3 கட்டமே நகர்வான். எதிர்ப்பக்கம் நிற்பவனை எட்ட 5 சுற்றாகும். அதற்குள் வில்லாளர் அவனை விறகாக்கிவிடுவர். கறுப்பு டிராகனின் வேகமோ 15. முதற் சுற்றிலேயே பகைவன் தலைமேல் வந்திறங்கும். அதற்குக் களம் என்று ஒன்று உண்டா என்ன?

ஆட்டத்தைக் காப்பது ஒரு சிறு விதியே: 10 கட்டத்துக்கு அப்பால் எய்த அம்பு பாதிச் சேதமே விளைக்கும். ஆகவே, இப்போதே எய்வதா, பகைவன் நெருங்கட்டும் என்று பொறுப்பதா என வில்லாளன் எண்ண வேண்டியிருக்கிறது. தந்திரம் பிறப்பது இவ்விடத்தில்தான்.

களத்தை 30 கட்டமாக்கச் சொல்வோர், அந்த மரவீரனை என்ன செய்வதாக உத்தேசம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.