திறமைக்கு ஒரு களம்

ஜப்பானிய எழுத்தாளர் டெட்சுகோ குரோயானாகி 1981-இல் வெளியிட்ட 'டோட்டோ-சான்' என்னும் நூல் தமிழிலும் வந்துள்ளது. முதல் வகுப்பிலேயே பள்ளியினின்று விலக்கப்பட்ட சிறுமி ஒருத்தி, சொசாகு கோபயாஷி 1937-இல் டோக்கியோவில் நிறுவிய டோமோயி பள்ளியில் மலர்ந்த வரலாறே இந்நூல். அச்சிறுமி நூலாசிரியரேயாவார்.

ரயில் பெட்டிகளே வகுப்பறைகள். அன்றைய பாடங்களுள் எதை முதலில் தொடங்குவது என்பது மாணவர் விருப்பம். படிப்போரைப் பெரிதும் கவர்வன இவையே. நம் உள்ளத்தைத் தொடுவதோ வேறொன்று. உடல் வளர்ச்சி குன்றிய தகாஹாஷி என்னும் சிறுவன் விளையாட்டு விழாவில் எல்லாப் போட்டிகளிலும் வெல்கிறான். அவனது குட்டை உருவமே அவனுக்குத் துணையாகும் வண்ணம் போட்டிகளை அமைத்தவர் கோபயாஷி. வெளிப்பட்ட திறமைக்குப் பரிசளிப்பது எளிது; அது வெளிப்படுதற்குரிய களத்தை அமைப்பதே ஆசிரியப் பணி.

நூலில் ஒரு குறையும் உண்டு. நன்றியுள்ள மாணவியின் நினைவுகளாதலால், ஏறத்தாழ 50 பிள்ளைகளே பயின்ற பள்ளியில் இயன்றது, ஒரே வகுப்பில் அத்தனை பேர் அமரும் பள்ளியில் இயலுமா என்னும் வினாவை அது எழுப்பவில்லை. டோமோயியும் 1945-இல் குண்டுவீச்சில் எரிந்துபோயிற்று.

எனினும் எரியாதது ஒன்றுண்டு. முதல் நாளில் அச்சிறுமி பேசியவற்றை நான்கு மணி நேரம் சலிப்பின்றிக் கேட்டார் கோபயாஷி. அதற்குக் கட்டடமும் வேண்டா; நிதியும் வேண்டா. சேர்க்கை நாளில் நாம் பிள்ளைகளிடம் கேட்கும் வினாக்கள் பல. அவர்கள் பேச நாம் செவிசாய்க்கும் நேரம் எவ்வளவு? சிந்திப்போமாக.